அன்னம் திரும்பிய பக்கம்

சிப்பி அன்னத்தின் கழுத்து தானாகவே விழுந்தது. நான் அதைத் தொடவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இல்லை. மழைக்காலத்துக் காற்றில் பின்கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. ஹாலிலிருந்த ஷோகேஸின் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்தது. உள்ளே ஏதோ பொலபொலவென்று உதிரும் சத்தம் கேட்டது.

நான் போய்ப் பார்த்தபோது அன்னம் கழுத்தில்லாமல் உட்கார்ந்திருந்தது. உடம்பும் சிறகுகளும் அப்படியே இருந்தன. தலை கீழ்த்தட்டில், துறைமுகத்தில் அப்பாவுக்குக் கொடுத்த கேடயத்தின் பக்கத்தில் கிடந்தது. கழுத்தாக இருந்த சிறு சிப்பிகள் தட்டெங்கும் சிதறியிருந்தன. அவற்றை இத்தனை வருடங்கள் கோத்துப் பிடித்திருந்த இரும்புக் கம்பி, விரிப்பில் மிளகாய்த்தூள் சிந்தியதுபோல் துருப்பொடியாகக் கிடந்தது. எங்கள் கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் இரும்பு எதுவும் நெடுநாள் நிற்பதில்லை. ஜன்னல் கம்பிக்கும் கேட்டின் தாழ்ப்பாளுக்கும் வருடந்தோறும் பெயிண்ட் அடிக்கிறோம். சிப்பிக்குள் மறைந்திருந்த இந்தக் கம்பியை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த அன்னம் அம்மா செய்தது. கல்யாணமான புதிதில் அவள் போன தையல் வகுப்பில் சிப்பி வேலையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே அவள் செய்து முடித்தது ஒரே ஒரு ஜோடி. அதற்குப் பிறகு சிப்பியைக் கையால் தொடவில்லை. "வெரலெல்லாம் அறுத்துப்போட்டுச்சு" என்பாள். இரண்டு அன்னங்களும் பார்ப்பவரை நோக்கி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும். சிறகுகளுக்கு முத்துச்சிப்பியின் பளபளக்கும் உட்புறத்தை வைத்திருந்தாள். தலை, விரல்நுனி அளவேயான ஒரு குட்டிச் சங்கு. சங்கின் கூரிய வால்தான் அலகு. கழுத்து மட்டும் பக்கவாட்டில் வளைந்து திரும்பியிருக்கும். ஒன்று வலப்பக்கம் பார்க்கும், மற்றொன்று இடப்பக்கம். ஷோகேஸின் இரண்டு ஓரங்களிலும் வைத்தால் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பா அவற்றை அன்னம் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"வாத்துக்குப் பவுடர் போட்டா அன்னமாயிருமா?" என்பார்.

"ஒங்க கண்ணுக்கு எதுதான் அன்னமாத் தெரியும்?" என்று குசினியிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

சிறுவயதிலேயே ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம். எங்களுக்குள் சண்டை வந்தால் அக்கா ஷோகேஸைத் திறந்து இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிடுவாள். அப்போது ஒவ்வொன்றும் மற்றதற்கு முகம் காட்டாமல் அதனதன் பக்கத்துச் சுவரைப் பார்க்கும். வேலை முடித்து ஹாலுக்கு வரும் அம்மா, எங்கள் முகத்தைப் பார்க்கும் முன்பே அன்னங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். "என்ன, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்று கேட்டபடி பழைய இடத்துக்கு மாற்றி வைப்பாள். சில நாள் நான் மாற்றுவேன். சில நாள் அம்மா மாற்றியதை அக்கா மறுபடியும் மாற்றுவாள்.

அம்மா இறந்த வருடத்திலேயே அக்கா கணவரோடு ஷார்ஜாவுக்குப் போனாள். பெட்டி கட்டும்போது தன் அன்னத்தை அம்மாவின் பழைய, மெல்லிய வாயில் துணிப் புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

"பிரிச்சுக் கொண்டுபோறேன்னு நெனைக்காதளா. அடுத்த திருவிழாவுக்கு வரும்போது கையோட கொண்டாரேன். ரெண்டையும் பழையபடி வைப்போம்" என்றாள்.

அடுத்த திருவிழாவுக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் லீவு கிடைக்கவில்லை என்றாள். ஆனாலும் அவள் திரும்பி வருவாள் என்பதற்கு என்னிடமிருந்த ஒரே பிடிமானம் அந்த வாக்குத்தான். வாசற்படியில் சொன்ன மற்ற எதுவும் எனக்கு நினைவில்லை. ஆகவே தலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அம்மா செய்தது உடைந்துவிட்டதே என்ற வருத்தத்துக்கு முன்பே வேறொரு பயம் வந்தது. சேர்த்துவைக்க இங்கே ஒன்று இருந்தால்தானே அவள் மற்றதைக் கொண்டுவருவாள்?

மில்லர்புரத்தில் எங்கள் வீடு ஒரு குறுக்குத் தெருவின் கடைசியில் இருக்கிறது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. நான் கல்லூரிக்குப் போகும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நான் திரும்பும்போது கிளம்பியிருப்பார். பாத்திரத்தில் எவ்வளவு சோறு குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்து அவர் சாப்பிட்டதை நானும், கொடியில் உலரும் சுடிதாரைப் பார்த்து நான் வந்துபோனதை அவரும் தெரிந்துகொள்வோம். நான் முதுகலை இலக்கியம் படிக்கிறேன். வகுப்பில் கேட்டால் பதில் சொல்வேன், கேட்காவிட்டால் பேசுவதில்லை. பஸ்ஸில் "பாஸ்" என்று சொன்ன ஒரு சொல்லைத் தவிர, காலையிலிருந்து மாலை வரை எதுவும் பேசாமல் வீடு திரும்பிய நாட்கள் உண்டு. அக்காவின் அழைப்புகளும் சுருங்கிப்போயிருந்தன. சாப்பிட்டியா, அப்பா டூட்டியா, மழை உண்டா. மூன்றுக்கும் பதில் சொன்னதும் "சரி, வைக்கட்டா?" என்பாள். நானும் "சரிக்கா" என்பேன். போனை வைத்த பிறகுதான் சொல்ல நினைத்திருந்தவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்.

உதிர்ந்த சிப்பிகளை ஒரு தட்டில் சேகரித்தேன். சில நொறுங்கியிருந்தன. அவற்றுக்குப் பதிலாக, ஒரு சனிக்கிழமை மாலை முயல் தீவுக் கரைக்குப் போய் அதே அளவில் பொறுக்கி வந்தேன். கடற்கரைச் சிப்பியை அப்படியே ஒட்டக்கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஊறியிருக்கும் உப்பு சில வாரங்களில் வெண்பொடியாகப் பூத்துப் பசையைத் தள்ளிவிடும். எங்கள் போர்வெல் தண்ணீரே உப்புத்தான் என்பதால் குடிதண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றினேன். பழுதாகிக் கிடந்த இஸ்திரிப் பெட்டியின் வயரை உரித்து, உள்ளேயிருந்த செம்புக் கம்பிகளை முறுக்கிக் கழுத்துக்கு எடுத்துக்கொண்டேன். செம்பு பச்சை பிடித்தாலும் இரும்பைப்போல் பொடியாகாது. இரண்டு டியூப்களைச் சமமாகக் கலந்து ஒட்டும் பசையும் வாங்கிவைத்தேன். அது ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு உடைத்துத்தான் எடுக்கவேண்டும்.

எல்லாம் தயாரான பிறகுதான் எனக்குத் தெரியாத ஒன்று எதிரே வந்து நின்றது. என் அன்னம் எந்தப் பக்கம் பார்த்தது?

நெஞ்சும் சிறகுகளும் இருபுறமும் ஒரே மாதிரி. திசை சொன்னது கழுத்து ஒன்றுதான். நினைவில் தேடினேன். ஒன்றையொன்று பார்த்தபடியும் இருந்தன. ஒன்றுக்கொன்று முகம் காட்டாமலும் இருந்தன. ஓரங்கள் மாறிக்கொண்டே இருந்தன. அக்கா போன பிறகு அப்பா, "ஒத்தையா ஓரத்துல எதுக்கு?" என்று என்னுடையதை நடுவில் வைத்துவிட்டார். அதிலிருந்து நான் தினமும் அதைத் துடைத்திருக்கிறேன். ஆனால் அது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அப்பாவிடம் கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கும்" என்றார்.

"அது தெரியும்ப்பா. என்னோடது எந்தப் பக்கம் பார்க்கும்?"

"அதான் சொல்லுதேனே. அக்காவோடதைப் பார்க்கும்."

ஆல்பங்களை எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் ஷோகேஸின் முன்னால் நிற்கவைத்துத்தான் படம் எடுப்பார்கள். அதனாலேயே ஒரு படத்திலும் அன்னங்கள் இல்லை. அக்கா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தில் மாமாவின் தோள் ஒன்றை மறைத்தது. அத்தையின் கொண்டை மற்றதை மறைத்தது. என் பிறந்தநாள் படத்தில் கேக்குக்கு மேலே ஒரு சிறகின் நுனி மட்டும் தெரிந்தது.

சுவடிப் பதிப்பு பற்றிய பாடத்தில் ஒரு வழிமுறையைப் படித்திருந்தோம். ஒரு படி சிதைந்திருந்தால் அதன் இணைப்படியைத் தேடி ஒப்பிடவேண்டும். என் அன்னத்துக்கு இணைப்படி உலகத்தில் ஒன்றுதான். அது ஷார்ஜாவில் இருந்தது.

அன்று மாலை அக்கா அழைத்து மூன்று கேள்விகளையும் கேட்டு முடித்ததும், "வைக்கட்டா?" என்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"அக்கா, என் அன்னத்துக்குக் கழுத்து விழுந்துட்டு. ஒட்டப்போறேன். உன்னோடதை ஒரு படம் எடுத்து அனுப்பு. அதுக்கு நேர் எதிரா வச்சு ஒட்டிருவேன்."

"இப்பமா?" என்றாள்.

"நாளைக்குன்னாலும் சரிதான்."

"பார்க்கேன்."

மறுநாள் படம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவளுடையதும் உடைந்திருக்குமோ என்று நினைத்தேன். தொலைந்திருக்குமோ என்றும், யாருக்காவது கொடுத்திருப்பாளோ என்றும் நினைத்தேன். கடைசி எண்ணம்தான் அதிக நேரம் தங்கியது. பிறகு அவளே அழைத்தாள்.

"அட்டைப்பெட்டிக்குள்ள இருக்குளா. பீரோ மேல, அது மேல இவுக சூட்கேஸ், அது மேல ஹீட்டர். இந்த ரூம்ல வைக்க எடம் எங்க இருக்கு? ஹால்ல வேற குடும்பம் இருக்கு. வந்த அன்னைக்கு மேல தூக்கி வச்சதுதான், பிரிக்கவே இல்ல."

இவ்வளவு காலமும் நான் அதை ஒரு வெளிச்சமான அறையில், நான் பார்த்திராத ஏதோ ஒரு மேசையின் மேல் கற்பனை செய்துவைத்திருந்தேன். அங்கே அவள் அதைத் தினமும் பார்க்கிறாள் என்றும் நினைத்திருந்தேன். "வேண்டாம்னா விடுக்கா" என்றேன்.

"வேண்டாம்னு யாரு சொன்னா? வெள்ளிக்கிழமை இவுகளை எறக்கச் சொல்லுதேன்."

வெள்ளிக்கிழமை படம் வந்தது. அக்கா அன்னத்தைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துத் தன்னைத்தானே எடுத்திருந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே அம்மாவுக்கு இருந்த அதே கருமை வந்திருந்தது. பின்னால் சுவரில் அரபு எழுத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. அம்மாவின் வாயில் புடவை அவள் தோளில் கிடந்தது. அவளுடைய அன்னம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் என்னுடையது இடப்பக்கம் பார்க்கவேண்டும். உள்ளே ஏதோ ஒன்று, அப்படி இல்லையே என்று மெல்லச் சொன்னது. ஆனால் அதனிடம் ஆதாரம் எதுவும் இல்லை. படம் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஹால் மேசையில் செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்கினேன். படத்திலிருந்த வளைவைக் காகிதத்தில் வரைந்து, அதைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் செம்புக் கம்பியை வைத்து வளைத்தேன். சிப்பிகளைப் பெரிதிலிருந்து சிறிதாக ஒவ்வொன்றாகக் கோத்தேன். பசை பிடிக்கும்வரை ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. அம்மாவின் விரலை அறுத்த அதே விளிம்புகள் என் விரலையும் அறுத்தன. அவள் இதைச் செய்தபோது அவளுக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருந்திருக்கும். தையல் வகுப்பில் அவள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், என்ன பேசிச் சிரித்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. கடைசியாகத் தலையை வைத்து, அலகு இடப்பக்கம் பார்க்கும்படி திருப்பி, பசை இறுகும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்தபோது அன்னம் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில், நான் கல்லூரிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது அக்கா அழைத்தாள். அவள் அந்த நேரத்தில் அழைப்பதே இல்லை. சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

"ஏளா! வலம்புரிளா!"

"என்னக்கா?"

"என் அன்னம்! தலை! வேலைக்குப் போற பஸ்ல இருக்கேன், சும்மா அந்தப் படத்தைப் பெருசாக்கிப் பார்த்துக்கிட்டு வாரேன். போனைத் திருப்பி வாலை மேல வச்சுப் பாரு. வாய் எங்கன தெறக்குது? வலப்பக்கம்ளா! வலப்பக்கம்!"

எங்கள் ஊரில் யார் கையில் சங்கு கிடைத்தாலும் முதலில் செய்வது அதுதான். வாலை மேலே தூக்கிப் பிடித்து, வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பார்கள். சங்கெல்லாம் இடம்புரிதான், இடப்பக்கம்தான் திறக்கும், ஆனாலும் பார்ப்பார்கள். வலம்புரி கிடைத்தால் அந்த வீட்டுக்கு நல்லகாலம் என்பது நம்பிக்கை. வலம்புரியைப் பார்த்த யாரையும் நான் பார்த்ததில்லை; பார்த்தவரைத் தெரியும் என்று சொல்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். நான் படத்தை எடுத்து, போனைத் திருப்பி, அலகு மேலே வரும்படி பிடித்தேன். சங்கின் வாய் வலப்பக்கம் திறந்திருந்தது.

"ஆமாக்கா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அம்மா தெரிஞ்சேதான் வச்சிருக்கா! கள்ளி! தெரிஞ்சு வச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லல பாரு. அப்பாகிட்டச் சொன்னா வித்துருவாகன்னு பயந்திருப்பா."

"அப்பா வாத்துன்னுதானே சொல்லுவாங்க."

"வாத்து! இப்பச் சொல்லச் சொல்லு பார்ப்போம், வாத்துன்னு!" அவள் சிரித்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "நான் ஒரு மடச்சி. வலம்புரியக் கொண்டுவந்து ஹீட்டருக்கு அடியில போட்டு வச்சிருக்கேன். அதான்ளா இங்க ஒண்ணும் வெளங்கல. ஏ, உன்னோடதையும் பாரு, அதுவும் வலம்புரியா இருந்துரப்போவுது!"

நான் பார்த்தேன். "இடம்புரிதான்."

"அது அப்பமே தெரியும். நல்லதெல்லாம் எனக்குத்தான்" என்றாள், சின்ன வயதில் சொல்வதைப்போலவே. பிறகு அம்மாவைப் பற்றிப் பேசினோம். கடைசி வருடத்தின் அம்மாவைப் பற்றியல்ல, அதற்கு முந்திய அம்மாவைப் பற்றி. பவுடர் டப்பாவை எங்களுக்கு எட்டாத இடத்தில் ஒளித்துவைப்பவளைப் பற்றி, பூசையில் தூங்கிவிட்டு ஜெபம் செய்தேன் என்று சாதிப்பவளைப் பற்றி. அவள் இறங்கவேண்டிய இடம் வரும்வரை பேசினோம். "வைக்கட்டா?" என்று அவள் கேட்கவில்லை. "சாயந்திரம் பேசுதேன்ளா, இன்னும் நெறைய இருக்கு" என்றாள். நான் வழக்கமாகப் போகும் பஸ் போய்விட்டிருந்தது.

அன்று கல்லூரியில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மதிய இடைவேளையில், எப்போதும் எனக்கு அடுத்த இடத்தில் உட்காரும் காயல்பட்டினத்துப் பெண்ணிடம் போனை நீட்டினேன். ஒரே பெஞ்சில் ஒன்றரை வருடமாக உட்கார்ந்திருந்தும், குறிப்பு கேட்பதைத் தவிர நாங்கள் அதிகம் பேசியதில்லை. நானாக அவளிடம் ஒன்றைக் காட்டியது அதுவே முதல்முறை.

"எங்க அக்கா. அவ கையில இருக்கிறது எங்க அம்மா செஞ்ச அன்னம். அதோட தலையைப் பாரேன், வலம்புரி."

"யா அல்லா, நெசமாவா?" என்று போனை வாங்கினாள். முதலில் அக்காவைப் பார்த்து, "உன்னை மாதிரியேதான் இருக்காங்க, ஆனா சிரிக்காங்க" என்றாள். பிறகு படத்தைப் பெரிதாக்கினாள். அவள் கண் அன்னத்தில் நிற்கவில்லை. பின்னாலிருந்த காலண்டருக்குப் போனது. புருவம் சுருங்கியது.

"இந்த எழுத்து ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி?"

"திரும்பி இருக்கே. கண்ணாடில பார்க்கிற மாதிரி." அவள் விரலால் அந்த வரியை இடமிருந்து வலமாகத் தொட்டுக் காட்டினாள். "அரபு வலப்பக்கத்துல இருந்துதானே ஆரம்பிக்கும். இது இங்கிட்டிருந்து ஆரம்பிக்குது. முன்பக்கக் கேமராவுல எடுத்திருக்காங்க போல. எங்க வாப்பா போன்லயும் இப்படித்தான், எல்லாத்தையும் திருப்பிப் போட்டுரும்."

தமிழ்க் காலண்டராக இருந்தால் படம் வந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அரபு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப அது சாதாரணச் சங்குதானா?" என்றாள் மெதுவாக. நான் தலையசைத்தேன். "சொல்லாமலே இருந்திருக்கலாம் நான்" என்றாள். தன் டப்பாவிலிருந்து அவர்கள் ஊர்ப் பலகாரமான வாடா ஒன்றை எடுத்து என் டப்பா மூடியில் வைத்தாள். அதற்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

பிற்பகல் வகுப்பில் நான் எதையும் கேட்கவில்லை. சங்கு இடம்புரி என்பது ஒரு விஷயம். அக்காவின் அன்னம் உண்மையில் இடப்பக்கம் பார்க்கிறது என்பது இன்னொரு விஷயம். அதற்கு எதிராக ஒட்டுவதாக நினைத்து, நானும் இடப்பக்கமே ஒட்டியிருக்கிறேன். இனி இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. எந்த ஓரத்தில் எதை வைத்தாலும் ஒன்று மற்றதன் பின்னால்தான் நிற்கும். திருத்தவேண்டுமென்றால் கழுத்தை உடைக்கவேண்டும். ஆனால் அன்று எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது மாலை அழைப்புத்தான். பஸ்ஸில் சிரித்த அந்தச் சிரிப்பை நான்தான் அணைக்கவேண்டுமா? சொல்லாவிட்டாலும் அவள் வீட்டுக்குப் போய் அன்னத்தைக் கையில் எடுத்துப் பார்க்கத்தான் போகிறாள். சங்கு பார்க்கத் தெரியாதவளா அவள்?

அக்கா வழக்கமான நேரத்துக்கு அழைத்தாள்.

"சாப்பிட்டியா?"

"இனிமேதான். நீ?"

"ஆச்சு. அப்பா டூட்டியா?"

"ஆமா."

"மழை உண்டா?"

"இல்ல. மேகம் மட்டும்."

அவளுடைய ஹாலில் வேறு யாருடைய குழந்தையோ அழுதது.

"அக்கா, வீட்டுக்கு வந்து அதைப் பார்த்தியா?"

"எதை?" என்றாள். உடனே, "பார்த்தேன்" என்றாள்.

"இடம்புரிதானே?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மத்தியானம். உனக்கு?"

"வந்த ஒடனே. செருப்பைக்கூடக் கழத்தல. உன்கிட்ட எப்படிச் சொல்லன்னு உக்காந்திருந்தேன். காலைல நீ அப்படிப் பேசினல்லா. நீ அவ்வளவு பேசி நான் கேட்டே எவ்வளவு நாளாச்சு."

நான் அவளுக்காகத் தயங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவள் எனக்காகத் தயங்கியிருக்கிறாள். அதைச் சொல்ல நினைத்தேன். அதற்குப் பதிலாக, கழுத்தைத் தவறான பக்கம் ஒட்டிவிட்டதைச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. விளக்கினேன். பிறகு அவள் சிரித்தாள். காலையில் சிரித்த சிரிப்பு அல்ல, அதன் கடைசிப் பகுதி போன்ற ஒன்று.

"அப்ப ரெண்டும் ரேசன் கடை க்யூவுல நிக்குற மாதிரி நிக்குமா?"

"ஆமா. ஒண்ணு முதுகை ஒண்ணு பார்த்துக்கிட்டு."

"யாரு முன்னால?"

"எந்த ஓரத்துல வைக்கியோ அதைப் பொறுத்து."

"நான்தான் முன்னால."

"சரி, நீதான். உடைச்சுத் திருப்பி ஒட்டட்டுமாக்கா?"

"தொடாத. கஷ்டப்பட்டு ஒட்டியிருக்க. அப்படியே இருக்கட்டும்."

"நீ கொண்டுவரும்போது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

"அதைத் திரும்பப் பெட்டில போடலளா. ஃபிரிட்ஜ் மேல வச்சிருக்கேன். இவுக பிரட்டை எடுத்து அங்கிட்டு வச்சிட்டாக" என்றாள். பிறகு, "லீவு கேட்டுப் பார்க்கேன். கேட்டுப் பார்க்கேன்னுதான் சொல்லுதேன், வருவேன்னு சொல்லல" என்றாள். அது வாசற்படியில் தந்த வாக்கைவிடச் சிறியது. ஆனால் உண்மையானது. அதற்கு நான் "சரிக்கா" என்றேன். அவள் "வைக்கட்டா?" என்றாள்.

இடப்பக்கம் பார்க்கும் அன்னத்தை ஷோகேஸின் நடுவில் வைத்தால் ஏதோ கோபித்துக்கொண்டதுபோல் இருந்தது. இடது ஓரத்தில் வைத்தால் சுவரைப் பார்த்தது. வலது ஓரத்தில் வைத்தபோதுதான் முழு ஷோகேஸும் அதன் பார்வைக்குள் வந்தது. அங்கேயே விட்டுவிட்டுக் கண்ணாடியைச் சாத்தினேன்.

சற்று நேரத்தில் அப்பா வந்தார். ஷிஃப்ட்டை யாருக்கோ மாற்றிக்கொடுத்துவிட்டதாகச் சொன்னார். உள்ளே போகும் வழியில், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவர் ஷோகேஸைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி, முன்பு அக்காவும் நானும் படுத்த அறையின் கதவைப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அவ எப்ப வந்தா?" என்றார்.

எனக்குப் புரிவதற்குள் அவர் அறைவாசலுக்கே போய்விட்டார்.

"யாரும் வரலப்பா. அது என்னோடதுதான். ஒட்டினேன்ல."

அவர் திரும்பி வந்து கண்ணாடிக்கு அருகே குனிந்து பார்த்தார். வலது ஓரத்தில், இடப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அன்னத்தைப் பார்த்தார். "இது அவளோடது மாதிரியில்லா இருக்கு. அவளோடதுதான் இங்கன இருந்து இப்படிப் பார்க்கும்" என்றார். பிறகு மற்ற ஓரத்தைக் காட்டினார். "உன்னோடது அங்கன இருக்கும்."

அங்கே எதுவும் இல்லை. மஞ்சளேறிய விரிப்பில், ஏதோ ஒன்று நெடுநாள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் வட்டமாக வெள்ளையாக இருந்தது.

"கை கழுவிட்டு வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, சோறு போடக் குசினிக்குள் போனேன்.